எடை குறைந்த பிவி பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிவி பை என்றால் என்ன? அதை ஒரு சிறிய கூடாரம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இந்தப் பையை வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஒப்பீட்டை நம்பித்தான் வாங்கியிருப்பார்கள். பிவி பை என்பது ஸ்லீப்பிங் பேக்கின் மேல் தலையணைக்கு உறை மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ளும் ஒரு துணிப்பை. கூடாரத்தில் உடலுக்கும் துணிக்கும் நடுவே காற்று நிற்க இடம் உண்டு; அங்கே எழுந்து உட்காரலாம், ஈரச் சட்டையை மாற்றலாம், மழை விடாத ஒரு பகல் முழுவதையும் கழிக்கலாம். பிவி பையில் துணி ஸ்லீப்பிங் பேக்கை ஒட்டியே கிடப்பதால் இவற்றில் எதற்கும் இடமில்லை. அது வீட்டின் சுருங்கிய வடிவம் அல்ல, போர்வையின் கடைசி மடிப்பு. ஸ்லீப்பிங் பேக், மேட் (தரையில் விரித்துப் படுக்கும் மெத்தை), உடுத்தியிருக்கும் உடை ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

'பிவி' என்பது 'பிவுவாக்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். சுவிஸ் ஜெர்மன் மொழியில் கூடுதல் இரவுக் காவலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பிறகு படைகள் கூடாரமின்றித் திறந்த வெளியில் இரவைக் கழிப்பதைக் குறித்து, அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையேறிகளின் பேச்சுக்கு வந்து சேர்ந்தது. ஆஸ்திரியாவின் பனிச்சறுக்கு முன்னோடி மத்தியாஸ் ஸ்டார்ஸ்கியின் பெயரால் இன்றும் அழைக்கப்படும் பை, இரண்டு மூன்று பேர் ஒன்றாகத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காற்றிலிருந்து ஒதுங்க உதவுவது. இன்றைய ஒருவர் பைக்கு அதை மூதாதை எனலாம்.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

நடைப்பயணம் மட்டும் செல்பவருக்குப் பல நேரங்களில் தேவையில்லை என்றே சொல்வேன். இன்று ஒருவர் தங்கும் எடை குறைந்த கூடாரங்கள் 700 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் கிடைக்கின்றன. முழு நீர்புகாப் பிவி பைகளில் பலவும் 500 முதல் 900 கிராம் வரை எடையிருக்கும்போது, இருநூறு முந்நூறு கிராமை மிச்சம் பிடிப்பதற்காக உட்கார இடத்தையும் மழைக்கு ஒதுங்கும் வசதியையும் விட்டுக்கொடுப்பது நல்ல பேரமாகாது.

இரண்டு வகையினருக்கு அது தெளிவாகப் பொருந்தும். முதலாமவர், கூடாரம் போட இடமே இல்லாத நிலப்பகுதியில் ஏறுபவர். முகட்டுப் பாறையில் ஒரு ஆள் நீளமும் அரை ஆள் அகலமும் உள்ள திட்டு, பெரும் பாறைக்கு அடியில் உள்ள குடைவு, பனிச்சரிவில் வெட்டிய படி ஆகியவைதான் அவருக்குக் கிடைக்கும் படுக்கை. இரண்டாமவர், தார்ப்பாயின் கீழ் உறங்குபவர். பக்கச் சாரலும் தரைப் பனியும் ஸ்லீப்பிங் பேக்கை நனைக்காமல் இருக்க அவருக்கு 200 கிராம் அளவில் ஒரு மெல்லிய உறை போதும். தார்ப்பாயையும் சேர்த்தால்கூட மொத்தம் அரைக் கிலோவைச் சுற்றியே நிற்கும். இந்த இருவருக்கும் வேண்டியது ஒரே பை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை வகைகள் உள்ளன?

மிகவும் எளியது அவசரகாலப் பை. உலோகப் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஆனது. 100 கிராம் அளவில், கைப்பிடிக்குள் அடங்கும். வழி தவறியவரும் காலை முறித்துக்கொண்டவரும் மீட்புக் குழு வரும்வரை தாங்குவதற்கானது. அதில் நீராவி வெளியேற வழியே கிடையாது. எனவே திட்டமிட்ட இரவுகளுக்கு அதை எண்ணக் கூடாது. ஆனால் பகல்நேர ஏற்றத்துக்குச் செல்பவரின் முதுகுப்பையிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, தார்ப்பாயோடு சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய பை. அடித்துணி சிலிக்கான் பூசிய நைலானாகவோ டைனீமா என்ற வலிமையான செயற்கை இழை கலந்த துணியாகவோ இருந்து ஈரத்தைத் தடுக்கும். மேல்துணி பூச்சில்லாத 7 அல்லது 10 டெனியர் நைலான் (டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அலகு). அது காற்றைப் பெருமளவு தடுக்கும், பனித்துளியையும் சாரலையும் ஓரளவு தடுக்கும், கொட்டும் மழையைத் தடுக்காது. எடை 150 முதல் 250 கிராம். அமெரிக்காவின் மவுண்டன் லாரல் டிசைன்ஸ், கட்டாபாட்டிக் கியர் போன்ற சிறு நிறுவனங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை.

மூன்றாவது, முழு நீர்புகாப் பை. அடியும் மேலும் மழையைத் தாங்கும். மேல்துணியில் நீராவியை வெளிவிடும் சவ்வு இருக்கும். தையல்களின் மேல் டேப் ஒட்டியிருக்கும். 300 கிராமில் தொடங்கி ஒரு கிலோ வரை போகும். இதிலேயே தலைப்பக்கம் ஒரு வளைகம்பியை வைத்துத் துணியை முகத்திலிருந்து உயர்த்திப் பிடிக்கும் வகையும் உண்டு. அவுட்டோர் ரிசர்ச் நிறுவனத்தின் ஹீலியம் பை அதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஏறத்தாழ அரைக் கிலோ. இரண்டு வளைகம்பிகள் உள்ள பைகள் கூடாரத்தின் எடையை நெருங்கிவிடுவதால் அவற்றை வாங்குவதற்கு நியாயம் காண்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

மழையே பெய்யவில்லை. ஆனாலும் காலையில் ஸ்லீப்பிங் பேக் நனைந்திருந்தது. பை ஓட்டையா?

பெரும்பாலும் ஓட்டை இருக்காது. அது உங்கள் உடலிலிருந்து வந்த நீர். பிவி பையைத் தேர்வுசெய்யும்போது வேறு எதையும்விட இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதே முதன்மையானது.

வியர்க்காமல் அமைதியாகப் படுத்திருக்கும் மனிதரின் தோலும் மூச்சும்கூட ஓர் இரவில் ஒரு தம்ளர் நிறையும் அளவு நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே தாங்கும். கழித்தல் 10 டிகிரியில் இரண்டரைக் கிராமைக்கூட எட்டாது. உடலை ஒட்டிய வெதுவெதுப்பான காற்று ஸ்லீப்பிங் பேக்கின் இறகுகளைக் கடந்து பிவி பையின் குளிர்ந்த துணியைத் தொடும்போது, தாங்க முடியாத மிச்ச நீரை அங்கேயே விட்டுவிடுகிறது. துணியின் உட்புறம் வியர்க்கிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே இருந்தால் அந்த வியர்வை உறைந்து வெண்தூளாகப் படிகிறது.

நீர்புகாச் சவ்வுகள் நீராவியை வெளியே அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றை இயக்குவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே உள்ள நீராவி அழுத்த வேறுபாடு. மழைச் சட்டை அணிந்து ஏறும்போது உடல் சூடு துணிவரை வந்து நீராவியைத் தள்ளுகிறது. பிவி பையிலோ, உடலுக்கும் சவ்வுக்கும் நடுவில் தடிமனான ஸ்லீப்பிங் பேக் சூட்டைத் தடுத்து நிற்கிறது. அதனால் சவ்வு குளிர்ந்தே கிடக்கிறது, தள்ளும் விசை குறைகிறது. மேலே உறைபனி படிந்துவிட்டால் சவ்வின் நுண்துளைகள் வெளியே திறக்கவும் வழியில்லை. மழைச் சட்டையில் நன்றாக உழைத்த அதே துணி பிவி பையில் சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பிறக்கிறது. மழைக்கு அஞ்சி வாங்கக்கூடியவற்றிலேயே தடிமனான நீர்புகாப் பையை வாங்குபவர், ஆண்டில் ஓரிரு மழை இரவுகளில் காப்பாற்றப்பட்டு, மற்ற எல்லா இரவுகளிலும் உள்ளிருந்து நனைகிறார். உங்கள் இரவுகளில் பெரும்பாலானவை மழையற்றவை என்றால், மேல்துணி நன்றாக மூச்சுவிடும் பையை வாங்கி, மழைக்கென்று ஒரு சிறு தார்ப்பாயைத் தனியாகச் சுமப்பதே அறிவுடைமை.

குளிருக்குத் தலையை உள்ளே இழுத்துப் போர்த்திக்கொள்ளலாமா?

மார்கழிக் குளிரில் முகத்தையும் மூடிப் படுத்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும் பழக்கம். பிவி பையில் அதை விட்டொழிக்க வேண்டும். மூச்சில் வெளியேறும் நீராவி அத்தனையும் பைக்குள் அடைபட்டு ஸ்லீப்பிங் பேக்கின் மார்புப் பகுதியை நனைத்துவிடும். முகத்தை வெளியே வைத்து, கம்பளித் தொப்பியும் கழுத்தைச் சுற்றிய மஃப்ளரும் அணிந்து உறங்குவதே சரி.

நீர்புகாத் துணி காற்றையும் தடுக்கும் என்பதால், ஜிப்பை முழுவதும் மூடிப் படுப்பது வெறும் ஈரச் சிக்கலோடு முடியாமல் மூச்சுத் திணறலிலும் கொண்டுபோய் விடக்கூடும். மழையிலும் பனிப்பொழிவிலும்கூட வாய்க்கு நேராக ஒரு திறப்பு இருந்தே ஆக வேண்டும். இரவில் பனி கொட்டினால் அவ்வப்போது விழித்து அந்தத் திறப்பைக் கையால் துடைத்துவிட வேண்டும். பைக்குள் அடுப்பைப் பற்றவைப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

'10,000 மி.மீ.', '20,000 கிராம்' என்று துணிகளுக்குப் போடும் எண்களை எப்படிப் படிப்பது?

முதல் எண், துணி எவ்வளவு உயரமான நீர்த்தூணின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. 1,000 மி.மீ. உயர நீர்த்தூண் ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 கிராம் அழுத்தம் தரும். விழும் மழையைத் தடுக்க 1,500 மி.மீ. தாராளமாகப் போதும், கூடாரங்களின் மேல்துணி பலவும் அந்த அளவில்தான் இருக்கின்றன. அடித்துணியின் கணக்கு வேறு. 70 கிலோ எடையுள்ளவர் ஈரத் தரையில் மண்டியிடும்போது இரு முழங்கால்களும் சேர்ந்து 100 சதுர சென்டிமீட்டரில் நிற்கின்றன என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 700 கிராம் விழுகிறது; அது 7,000 மி.மீ. நீர்த்தூணுக்குச் சமம். தரையில் விரித்த மேட்டின் மேல் படுத்திருக்கும்போது எடை பரவிவிடுவதால் அழுத்தம் அதைவிட மிகக் குறையும். எனவே அடித்துணிக்கு உயர்ந்த எண்ணைத் தேடுங்கள். மேல்துணிக்கு அதே எண்ணை வற்புறுத்தி மூச்சுவிடும் திறனை இழக்காதீர்கள்.

இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளிவிடும் என்பது. இதை அளக்கப் பல சோதனை முறைகள் இருக்கின்றன, ஒரே துணி ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்ணைத் தரும். ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிட்டு முடிவெடுப்பதில் பொருளில்லை. தவிர, அந்தச் சோதனைகள் எவையும் உறைநிலையில் படுத்திருக்கும் மனிதரைச் சுற்றி நடத்தப்படுபவை அல்ல.

எந்தச் சவ்வு நல்லது?

விரிவாக்கிய பிடிஎஃப்இ (டெஃப்லான் என்று அறியப்படும், புளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்) என்ற பொருளை 1969இல் பாப் கோர் கண்டறிந்தார். அதிலிருந்து உருவான கோர்-டெக்ஸ் துணி 1976இல் விற்பனைக்கு வந்தபோதுதான், மழையைத் தடுத்தும் நீராவியை வெளிவிட்டும் உழைக்கும் பிவி பை நடைமுறைக்கு வந்தது. பெர்டெக்ஸ் ஷீல்டு, ஈவென்ட் போன்றவையும் அதே நோக்கத்துக்கானவை. உள்ளே மென்மையான மூன்றாவது அடுக்கு உள்ள துணி, ஈரத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு மெதுவாக வெளியேற்றும். மூன்றாவது அடுக்குக்குப் பதிலாக வெறும் பூச்சு மட்டும் உள்ள இரண்டரை அடுக்குத் துணி எடை குறைவு, ஆனால் உள்ளே பிசுபிசுக்கும். தொடர்ந்து பல இரவுகள் படுப்பவருக்கு மூன்றடுக்குத் துணியின் கூடுதல் எடை வீணல்ல.

புளோரின் சேர்ந்த நிரந்தர வேதிப்பொருட்கள் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுவதால் அவற்றைக் கைவிடும் போக்கு வலுத்து வருகிறது. கோர் நிறுவனமே 2022இல் பாலிஎத்திலீன் அடிப்படையிலான புதிய சவ்வைக் கொண்டுவந்தது. துணிமேல் விழும் நீரை உருட்டிவிடும் மேற்பூச்சுகளில் புளோரின் இல்லாதவை, அழுக்கும் எண்ணெய்ப்பசையும் பட்டால் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், அவற்றை முன்னைவிட அடிக்கடி துவைத்து மீண்டும் பூச வேண்டியிருக்கும். நாம் நடந்துபோய்க் குடிக்கும் ஓடைகளை நினைத்தால் அந்த உழைப்பு ஏற்கத் தக்கது.

அளவை எப்படி முடிவுசெய்வது?

உங்கள் உயரத்தை வைத்து அல்ல, உங்கள் ஸ்லீப்பிங் பேக்கின் பருமனை வைத்து. வாத்திறகு ஸ்லீப்பிங் பேக் சூடு தருவது அதன் உப்பலால். இறுக்கமான பிவி பை அந்த உப்பலை அமுக்கிவிட்டால், விலை கொடுத்து வாங்கிய சூட்டை நீங்களே பிதுக்கி வெளியேற்றுகிறீர்கள். வீட்டில் மேட்டை விரித்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்துக்கொண்டு, தோள் பகுதியைச் சுற்றித் துணியை அமுக்காமல் ஒருவரை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். மேட் பைக்குள்ளே வரவேண்டுமானால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். வரும் அளவைவிடப் பத்து சென்டிமீட்டராவது சுற்றளவு கூடுதலாக இருக்கட்டும். நீளத்தில், பனிமலைக்குச் செல்பவர் கூடுதலாக ஒரு சாண் எடுத்துக்கொள்ள வேண்டும்; ஷூக்களும் தண்ணீர்ப் பாட்டிலும் இரவில் உறையாமல் இருக்கக் கால்மாட்டில் இடம் வேண்டும்.

மேட்டை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பது தரையைப் பொறுத்தது. கூர்மையான பாறைத் திட்டிலும் சரிவிலும் உள்ளே இருந்தால் நீங்கள் நழுவி மேட்டை விட்டு இறங்க மாட்டீர்கள், காற்றடைத்த மேட்டும் கிழியாது. புல்வெளியில் தார்ப்பாயின் கீழ் என்றால் வெளியே வைத்துச் சிறிய பையோடு எடையைக் குறைக்கலாம்.

பிவி பை எவ்வளவு சூடு கூட்டும்?

காற்றில்லாத இரவில் ஓரிரு டிகிரிகள். காற்று வீசும் முகட்டில் அதைவிட மிகக் கூடுதலாக உணர்வீர்கள், ஏனென்றால் ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்து சூட்டை அள்ளிச்செல்லும் காற்றை அது நிறுத்துகிறது. ஆனால் அந்தக் கணக்கை நம்பி மெல்லிய ஸ்லீப்பிங் பேக்கை எடுத்துச் செல்லாதீர்கள். மூன்றாவது இரவில், முந்தைய இரவுகளின் ஈரம் இறகுகளில் ஏறி உப்பல் குறைந்திருக்கும்போது, கூடும் என்று நினைத்த அந்த ஓரிரு டிகிரிகள் ஈரத்தால் இழந்ததை ஈடுகட்டக்கூடப் போதாது.

ஜிப், கொசுவலை, வளைகம்பி ஆகியவற்றில் எது அவசியம்?

பக்க ஜிப் நீளமாக இருந்தால் ஏறி இறங்க எளிது. எடையும் கசிவும் கூடும். மேல்நோக்கித் திறக்கும் அரைவட்ட ஜிப் எனக்கு நடுவழியாகத் தெரிகிறது. கையுறை அணிந்த விரலால் இருட்டில் பிடிக்கும்படி ஜிப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். மரவரிசைக்கு (மரங்கள் வளரும் உயர எல்லைக்கு) கீழே உறங்குபவருக்கு முகத்துக்கு நேரே வலை வேண்டும். 4,000 மீட்டருக்கு மேலே அது வெறும் சுமை. நெஞ்சுப் பகுதியிலிருந்து தார்ப்பாய்க்கோ கிளைக்கோ கட்டி வலையைத் தூக்கிப்பிடிக்க ஒரு சிறு வளையம் இருந்தால், வளைகம்பியே தேவைப்படாது.

பாறைத் திட்டிலும் பனியிலும் பயன்படுத்தும் பைக்கு வேறு என்ன வேண்டும்?

ஏறுபவர் உறங்கும்போதும் கயிற்றோடு பிணைந்தே இருக்க வேண்டும். அதற்காக, ஹார்னெஸிலிருந்து (இடுப்பில் அணியும் பாதுகாப்புப் பட்டையிலிருந்து) வரும் கயிறு வெளியே செல்ல ஒரு திறப்போ இருபக்கம் நகரும் ஜிப்போ பையில் இருக்க வேண்டும். பையைக் காற்று பறிக்காமலிருக்கத் தைக்கப்பட்ட வளையங்கள் பையைப் பிடிக்க மட்டுமே. ஆள் எடையை அவற்றில் நம்பக் கூடாது. அடித்துணி 30 டெனியருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பாறைத் திட்டு மெல்லிய துணியை ஒரே இரவில் அரித்துவிடும். நிறம் பளிச்சென்ற மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் மீட்பவர் கண்ணில் படும்.

உயரத்தில் திட்டமிடாத இரவுகள் என்ன செய்யும் என்பதற்கு மலையேற்ற வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1953 ஜூலையில் நங்க பர்வத உச்சியைத் தனியே அடைந்து இறங்கிய ஹெர்மன் பூல், 8,000 மீட்டர் உயரத்தருகே ஒரு சிறு திட்டில், பையோ ஸ்லீப்பிங் பேக்கோ இன்றி நின்றபடியே இரவைக் கழித்தார். உயிரோடு இறங்கினார், கால்விரல்கள் பனிக்கடிக்கு ஆளாயின. அடுத்த ஆண்டு கே2 மலையில் வால்டர் பொனாட்டியும் ஹுன்ஸாவைச் சேர்ந்த அமீர் மெஹ்தியும் ஏறத்தாழ 8,100 மீட்டரில் வெட்டவெளிச் சரிவில் ஓர் இரவு கிடந்தார்கள். மெஹ்தி தம் கால்விரல்களை இழந்தார். 1975 செப்டம்பரில் எவரெஸ்டின் தென்மேற்கு முகப்பை ஏறி முடித்த டக் ஸ்காட்டும் டூகல் ஹேஸ்டனும் 8,700 மீட்டருக்கு மேல், ஸ்லீப்பிங் பேக் இல்லாமல், ஆனால் பனியில் குழி குடைந்து அதற்குள் இரவைக் கழித்தார்கள். இருவருக்கும் பனிக்கடி ஏற்படவில்லை. மூன்று இரவுகளுக்கும் சூழ்நிலை வேறு என்றாலும், காற்றிலிருந்து ஒதுங்குவதன் மதிப்பு இங்கே தெரிகிறது. ஆகவே பனிமலைக்குப் பிவி பையோடு ஒரு மண்வெட்டியும் செல்ல வேண்டும். முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் பையை விரித்தால், 300 கிராம் பை ஒரு கிலோப் பையைவிட நன்றாகக் காக்கும்.

பையை எங்கே விரிப்பது?

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் புல்லின் மேல் துளிர்க்கும் துளியையும் மலைமேல் கொட்டும் வெண்பனியையும் குறிக்கிறது. பிவி பையில் படுப்பவருக்கு இரண்டுமே எதிரிகள், அதிலும் முதலாவதுதான் அடிக்கடி வருவது. பள்ளத்தாக்கின் அடித்தளம், ஏரிக்கரை, ஓடையோரப் புல்வெளி ஆகியவை பார்ப்பதற்கு அழகானவை. இரவில் குளிர்ந்து கனத்த காற்று வழிந்து சேர்வதும் அங்கேதான். அடித்தளத்திலிருந்து இருபது முப்பது மீட்டர் மேலே ஏறி ஒரு மேடான இடத்தில் படுத்தால் வேறுபாடு வியப்பூட்டும். மரத்தடியும் நல்லது: தெளிந்த வானத்தை நேராகப் பார்த்துக் கிடக்கும் துணி தன் சூட்டை வானத்துக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடும், கிளைகளோ தார்ப்பாயோ மேலே இருந்தால் அந்த இழப்பு குறையும், துணியும் குறைவாகவே வியர்க்கும். பட்ட கிளைகள் தொங்கும் மரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும்.

பிவி பைக்கு அனுமதி தேவையா?

கூடாரம் இல்லை என்பதால் விதி பொருந்தாது என்று எண்ணுவது தவறு. பிரான்சின் எக்ரான் தேசியப் பூங்காவில் மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரை, பூங்கா எல்லையிலிருந்தோ சாலையிலிருந்தோ ஒரு மணி நேர நடைக்கு அப்பால் மட்டுமே இரவு தங்கலாம். சுவிஸ் தேசியப் பூங்காவில் அறவே கூடாது. இந்தியாவில், உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. இமாலயத்துக்குப் புறப்படும் முன் அந்தந்த வனக்கோட்டத்தில் அப்போதைய நிலையைக் கேட்டு எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பயன்படுத்தலாமா?

பரிந்துரைக்க மாட்டேன். வெளியே காற்றே நீராவியால் நிறைந்திருக்கும்போது, உள்ளிருந்து நீராவியைத் தள்ளும் அழுத்த வேறுபாடு மிகக் குறைந்துவிடும்; எந்தச் சவ்வும் அங்கே நனைந்த ரெயின்கோட்டாகிவிடும். அட்டைகளும் யானைத் தடங்களும் உள்ள காட்டில் தரையோடு தரையாகப் படுப்பதும் கூடாது. அதோடு, 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ பலிகொண்ட துயரத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டு வனங்களில் மலையேற்றம் விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது. அனுமதியின்றிக் காட்டில் இரவு தங்குவது சட்டப்படி குற்றம்.

பராமரிப்பு?

ஒவ்வொரு நாளும் நண்பகல் வெயிலில் பையையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அரை மணி நேரம் பாறைமேல் உள்வெளியாகத் திருப்பி விரித்துவிடுங்கள். உறைந்த பனித்தூளை உருகும் முன்பே காலையில் உதறிக் கொட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து, சுருட்டாமல் தொங்கவிட்டு வைக்க வேண்டும்.

மலைக்குக் கொண்டுபோகும் முன் எப்படிச் சோதிப்பது?

மொட்டை மாடியில் ஓர் இரவு படுத்தால், இருட்டில் ஜிப்பைக் கண்டுபிடிக்க முடிகிறதா, நெருக்கமான உறைக்குள் உங்கள் மனம் அமைதியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்; சிலருக்கு அந்த நெருக்கமே தாங்காது, அதை 4,500 மீட்டரில் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடிப்பது நல்லது. ஈரச் சோதனைக்கு மட்டும் சமவெளி உதவாது. டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் நாட்களில், தங்கும் விடுதியின் புல்தரையில் அனுமதி கேட்டுப் படுத்துப் பாருங்கள். படுக்கும் முன் ஸ்லீப்பிங் பேக்கைச் சமையலறைத் தராசில் எடைபோட்டுக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் வெயில் படும் முன் மீண்டும் எடைபோட வேண்டும். கூடியிருக்கும் கிராம்கள் அத்தனையும் அந்தப் பை வெளியே விடாமல் வைத்துக்கொண்ட நீர். அதை உங்கள் பயணத்தின் இரவுகளால் பெருக்கிப் பார்த்துவிட்டு, பையை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவுசெய்யலாம்.